திருமாறனால் விழுந்த அடி

வழக்கமாக இந்த வாசகர் குழுவில் லைக் போட்டுவிட்டுப் போகிறவள் நான். இன்று எழுதுவதற்கு மன்னியுங்கள்.

காலையில் நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுராவில், பக்கத்து வீட்டு அக்காவை அவர் கணவர் முடியைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துவந்து அடித்தார். வாயெல்லாம் ரத்தம்.

"யாருடி அந்தத் திருமாறன்? குண்டு பட்டும் டியூட்டிக்கு வந்தாரு, பாவம்னு நேத்து இவகிட்ட உருகுன இல்ல?"

இவள் என்றது என்னை. திருமாறன் ஒரு துப்பறியும் நாவல் வரிசையில் வரும் இன்ஸ்பெக்டர். பாகம் பாகமாக அக்காவுக்குக் கொடுத்தது நான்தான். அவரைச் சொந்தக்காரர் போலவே பேசிக்கொள்வோம்.

ஓடிப்போய் மூன்றாம் பாகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "அண்ணா, அவரு கதைல வர்றவரு."

வாங்கிக் கிழித்தார். "கதைல வர்றவனுக்கே இவ்ளோ பாவமா?" என்று மறுபடியும் அறைந்தார்.

அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவர் மண்டையில் ஒரே போடு போட்டார். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அக்கா என் அறையில். வீங்கிய உதட்டோடு, "நாலாவது பாகம் குடு" என்கிறார்.

பழகிய ஆட்களே திரும்பத் திரும்ப வருகிற நீண்ட கதைவரிசை தெரிந்தால் சொல்லுங்கள். துப்பறிகிறவர் பெண்ணாக இருந்தால் நல்லது.

அப்புறம், அக்கா இனி அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. தனியாக வரும் பெண்ணுக்கு யாராவது ஓர் அறை வாடகைக்குக் கொடுப்பீர்களா?