அடுப்புக்குள் ஒரு கை

பெற்றீசியா பிறந்தது கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், வாழ்க்கைப்பட்டது கடுகண்ணாவையில். கண்டிக்கு ஏறிவரும் ரயிலில் கூடை தூக்கி விற்கிறவர்களுக்கு வடை சுட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. புருஷன் லியோன் ஓட்டோ ஓட்டினான். அந்தச் சம்பாத்தியம் ஓட்டோவுக்கே சரியாகப் போய்விடும். வீடு நின்றது இவளுடைய எண்ணெய்ச் சட்டியில்தான். பிடிவாதக்காரி. ஆனால் பசியென்று வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பமாட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சமையல் காஸுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம், தேங்காய்ச் சிரட்டை எரிக்கிற அடுப்பு ஒன்றைப் பிலிமத்தலாவையில் தகட்டு வேலை செய்யும் கணேஸிடம் சொல்லிச் செய்வித்தாள். முழுக்க எவர்சில்வர். அடியில் காற்றூத ஒரு சின்ன ஃபேன். அதைப் போட்டால் உள்தகடு செக்கச்செவேலென்று சிவந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஜஹானா வடைக்கு வெங்காயம் வெட்டித் தருகிறவள். அடுப்பு வந்த அன்றே குனிந்து பார்த்தாள்.

“மாஷா அல்லாஹ்! மொகம் தெரியுதே புள்ள. இந்த ரோட்டில ஒத்தருக்கும் இப்பிடி அடுப்பில்ல.”

அன்றைக்கே பெற்றீசியாவின் கையில் எண்ணெய் தெறித்தது. கண் பட்டுவிட்டது என்று மனம் சொன்னது. அவள் மனம் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து, அடுப்பு நன்றாகச் சிவந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு பிடி கல்லுப்பை அடுப்புக்குச் சுற்றி, அதன் வாய்க்குள்ளேயே எறிந்தாள். உப்பு படபடவென்று வெடித்தது. வெடிக்க வெடிக்கக் கண் கழிகிறது என்று அவளுடைய அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள்.

கழியவில்லை. உப்பு விழுந்ததும் நெருப்பு ஒரு விதமான மஞ்சளாக எழும்பியது. வெளியே பனி மூடிய காலைகளில் அந்த மஞ்சளில் அவள் கை, சேலை, சுவரிலிருந்த மாதா படம் எல்லாமே உயிரில்லாத ஒரே நிறமாகத் தெரிந்தன. வேலை முடிந்து நெருப்பு அணைந்த பிறகு உள்ளேயிருந்து சத்தம் வரும். டிக்... டிக்... யாரோ நகத்தால் தட்டுவதுபோல. காலையில் சாம்பலை அள்ளினால் கறுப்புக் கறுப்பாகச் செதில் கிடந்தது, பாம்பு சட்டை உரித்த மாதிரி.

“என்னத்தடி உள்ளுக்கு வளக்குற?” என்றான் லியோன்.

“சிரிக்காதீங்க. அது தோலுரிக்குது.”

அவன் சிரிக்கவில்லை, எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவள் உப்பைக் கூட்டினாள். ஒரு பிடி இரண்டு பிடியானது. செதிலும் கூடியது. ஒருநாள் ஜஹானா வெங்காயத்தோடு வந்தபோது பெற்றீசியா வாசலை மறித்து நின்றாள்.

“இனிமே வேணாம். நானே வெட்டிக்கிறேன்.”

“ஏன் புள்ள, என்ட கத்திக்கும் கண் ஈக்கா?”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வெங்காயத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பெற்றீசியா கண்ணில் தண்ணீரோடு தனியாக வெங்காயம் வெட்டினாள். வெங்காயம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு காலை, வடை வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பின் பக்கம் மெத்தென்று உள்ளே போனது. சட்டி சரிந்தது. எண்ணெய் நெருப்பில் கொட்டித் தீ கூரைத் தகரம்வரை எழுந்தது. அவள் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பினாள். பிழைப்பு அன்றோடு நின்றது.

கணேஸ் வந்து அடுப்பை முற்றத்தில் போட்டு அறுத்து விரித்தான். உப்புப் படாத பின்பக்கம் சூட்டில் நிறம் மாறியிருந்ததே தவிர உறுதியாக இருந்தது. உப்பு போய் விழுந்த பக்கத்தில், அடியில் உள்ளங்கை போல ஒரு பெரிய ஓட்டை. அதிலிருந்து மேலே விரல் விரலாக ஐந்து அரிப்பு. ஓரங்களில் மஞ்சள் பொடி.

“வெறுங்கையால தொடாதீங்க அக்கா, இந்த மஞ்சப் பொடி விஷம். உள்ளுக்கு உப்பு போட்டீங்களா?”

“கண்ணுக்கு.”

கணேஸ் தலையில் கைவைத்தான். “நீர்கொழும்புல ஒரு பேக்கரிக்கு இப்பிடித்தான் செஞ்சு குடுத்தேன். கடல்ல ஒதுங்குன மரத்த எரிச்சாங்க, இதே கதி. எவர்சில்வருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்குக்கா. அதுதான் காவல். அந்தச் சூட்டுல உப்பு உருகி ஒட்டிக்கிட்டுத் தோலத் தின்னுரும். இந்த மஞ்சள் தோல்ல இருந்து வந்ததுதான். புதுசா தோல் கட்டும், அதையும் தின்னும். கடைசில வெறும் இரும்பு, அதுவும் அடுப்பு ஆறுறப்பல்லாம் டிக் டிக்னு செதிலா உதுந்து போகும்.”

“அப்ப கண்ணு?”

“உப்பு விழாத பக்கத்த கண்ணு ஏன் விட்டுச்சு?”

 பெற்றீசியா தொடாமல் தன் கையை அந்த ஓட்டையின்மேல் விரித்துப் பிடித்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.  வேலியருகே போய் ஜஹானாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஜஹானா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தன் சின்னக் கையையும் அந்த ஓட்டைக்கு மேலே பிடித்தாள். நாலாபுறமும் இடம் மிஞ்சியது.

“என்ட கை இதில்ல.”

“தெரியுது. என்னோடது.” பெற்றீசியா மறுபடி தன் கையை அங்கே விரித்துக் காட்டினாள். “அதுக்காகக் கண்ணே இல்லன்னு நான் சொல்லல.”

“நீ சொல்லவும் மாட்டாய்.” ஜஹானா சிரிக்க முயன்றாள், முடியவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றவள் குரலைத் தாழ்த்தினாள். “மத்தப் பக்கம் கவுத்துப் போடுவமா புள்ள? நாம நிக்கிற எடமெல்லாம் அந்த ஓட்ட நம்மளப் பாத்துட்டு ஈக்கி.”

ஆளுக்கொரு சாக்குத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அதைக் கவிழ்த்தார்கள்.