திருப்பிக் கொடுக்காத பாத்திரங்கள்

ஓலீட்டா கிரென்ஷா வீட்டுக்குள் மூன்று வருடமாக யாரும் கால் வைத்ததில்லை. வந்தவரை உள்ளே கூப்பிடாமல் வாசலோடு அனுப்புவது அலபாமாவில், அதுவும் சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு, லேசுப்பட்ட குற்றமா? ஆனால் ஓலீட்டா கெட்டிக்காரி. வாசலிலேயே நாற்காலி போட்டு, இனிப்பாகக் குளிர்ந்த தேநீர் கொடுத்து, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். உள்ளே போகவே இல்லை என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுகூட யாருக்கும் உறைக்காது.

உள்ளே இருந்தவை பாத்திரங்கள். புருஷன் வெண்டெல் செத்தபோது ஊரே சமைத்துக் கொண்டுவந்தது. பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட கோழி, பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங் என்று வைக்க இடமில்லை. ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். துக்கம் ஆறியதும் பாத்திரம் அதற்கு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். வெறுமனே போகக் கூடாது, ஒரு துண்டு கேக்காவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கைதான். வீட்டுக்கு வந்தால் அந்தக் கேக்குக்கு ஒரு முட்டையை உடைக்க எழவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் அடுத்த மாதம். அதற்கும் அப்புறம், இத்தனை நாள் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பது? பாதியைக் கழுவக்கூட இல்லை. அடியில் ஒட்டியது காய்ந்து கறுத்துக் கிடக்க, மேசை, சோபா, ஜன்னல் விளிம்பு, தரை என்று எங்கு பார்த்தாலும் பாத்திரம். அதற்கு மேல் பழைய செய்தித்தாள், துணி, இன்னும் என்னென்னவோ. நல்லாத்தானே இருந்தாள், எப்படி இப்படி ஆனாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த ஜனவரியில் பனி வரும் என்று ரேடியோ சொன்னதும் ஊர் ஜனம் கடைக்கு ஓடி ரொட்டியையும் பாலையும் வழித்தெடுத்துக்கொண்டு போனது. வருடா வருடம் இப்படித்தான் ஓடுவார்கள், கடைசியில் மழைதான் பெய்யும். இந்தத் தடவை வந்தேவிட்டது. ஐஸாகப் பெய்ததில் பைன் மரங்கள் ஒடிந்து மின்கம்பிகள் அறுந்தன. அதன்மேல் முழங்கால் அளவுக்குப் பனி. பனி தள்ளும் வண்டி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கரண்ட் போனதும் தெருவில் எல்லா வீட்டுக் கணப்பும் அணைந்தது. ஓலீட்டா வீட்டில் மட்டும் வெண்டெல் பிடிவாதமாக வைத்திருந்த பழைய கேஸ் கணப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. கொல்லையில் தொட்டி நிறைய கேஸ்.

மறுநாள் மதியம் எதிர்வீட்டு வெர்லீன், புருஷன் ஹாய்ட்டை வீட்டில் விட்டுவிட்டு, தனியாக வந்து கதவைத் தட்டினாள். பனிக்குப் போடும் காலணி அங்கே யாரிடம் இருக்கிறது? ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் காலில் மாட்டி ரப்பர் பாண்ட் போட்டிருந்தாள்.

"ஓலீட்டா, உன் வீட்டுல சூடு இருக்கா? ஹாய்ட்டுக்கு நடுக்கம் நிக்கவே இல்ல. நிமோனியா வந்து இப்பத்தானே ஆஸ்பத்திரியிலேருந்து வந்த ஒடம்பு. உன் கணப்புகிட்ட கொண்டாந்து உக்கார வெச்சுக்கட்டுமா?"

ஓலீட்டா கதவைப் பாதி திறந்து, வெளியே வந்து, முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"ஐயோ, இங்கயும் இல்லையே. கேஸ் தீந்துபோச்சு. நானே போர்வைக்குள்ளதான் கெடக்கேன்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். ஆனால் கதவு திறந்த அந்த நொடியில் உள்ளேயிருந்து வந்த வெப்பக்காற்று பட்டு வெர்லீனின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போனது. வெர்லீன் அதைக் கழற்றினாள். கோட்டு நுனியில் நிதானமாகத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நீ ஏன் தனியாக் கெடந்து வெறைக்கணும்? எங்க வீட்டுக்கு வந்துடு. மூணு பேரும் ஒரே போர்வையில ஒட்டிக்கிட்டு உக்காந்தா தாங்கும். ரொட்டிக்குப் பஞ்சமில்ல, கடையையே காலி பண்ணிட்டு வந்திருக்கேன்."

"பரவால்ல, நீ போ. அந்த மனுஷனைப் பாரு."

வெர்லீன் கைகளை விரித்துக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போனாள். ஓலீட்டா உள்ளே வந்து கணப்பு முன்னால் நின்றாள். வெர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது ஓலீட்டாவுக்கு. நாலு பாத்திரத்தைத் தூக்கினாள், ஒளித்து வைக்க இடமில்லை, எடுத்த இடத்திலேயே வைத்தாள். கார் ஓடாத தெருவில் ஹாய்ட்டின் இருமல் தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை கேட்டதும் வெண்டெலின் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நடுத்தெருவில் விழுந்து, எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"கணப்பு எரியுது. வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

வெர்லீன் உடனே கோட்டை மாட்டினாள். ஹாய்ட்டைப் போர்வையோடு ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிவந்தார்கள். வீட்டில் உட்கார லாயக்காக ஒரே நாற்காலிதான் இருந்தது. அதில் அவனை உட்கார வைத்தார்கள். மெல்ல மெல்ல அவன் உதட்டில் நிறம் வந்தது. வாடையோ பாத்திரமோ எதையும் கவனிக்காதவன் போலக் கேட்டான்.

"கேஸ் தீந்துபோச்சுன்னு இவ சொன்னாளே. எப்படி ஓலீட்டா பத்த வெச்ச?"

"தொட்டி அடியில கொஞ்சம் இருந்திருக்கும்" என்று வெர்லீன் முந்திக்கொண்டாள். "நீ பேசாம குளிர் காயி."

தன் மானத்தைக் காப்பாற்ற அடுத்தவள் பொய் சொல்கிறாளே என்று ஓலீட்டாவுக்கு உடம்பே கூசிப்போனது.

"தீரவே இல்ல ஹாய்ட். நான் பொய் சொன்னேன். இந்த வீட்டை நீங்க பாத்துடக் கூடாதுன்னு, நீ அங்க குளிர்ல சாகக் கெடக்கறப்ப, பொய் சொன்னேன்."

ஹாய்ட் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லீன் உட்கார இடம் பண்ணுவதற்காக சோபாவிலிருந்து நீளமான பாத்திரம் ஒன்றை எடுத்தாள். அடியைத் திருப்பினாள். டேப்பில் அவள் பெயர், அவளே எழுதியது. திட்டப்போகிறாள் என்று ஓலீட்டா காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

"இங்கதான் இருந்ததா?" என்றாள் வெர்லீன். "ஆஸ்பத்திரியில வெண்டெல் உசுரு போற அன்னிக்கு ராத்திரி, தொணைக்கு வான்னு எனக்குப் போன் பண்ணின. தூக்கக் கலக்கத்துல, காலையில வரேன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் என் பாத்திரத்தைத் திருப்பித் தரலன்னு நெனச்சேன். மூணு வருஷமா சர்ச்சுல உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குக் கூசும்."

ஓலீட்டா எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் வெளிறிய சுவரும் வெண்டெலின் கையும்தான் நினைவுக்கு வந்தன.

"நான் உனக்குப் போன் பண்ணினேனா?" என்றாள்.

வெர்லீன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.