தாளிப்புக் கரண்டியில் உருகிய ஈயம்

ஈயத்தை அடுப்பில் வைத்தால் முதலில் வருவது வாசனைதான். லாரிச் சக்கரத்து கிரீஸும் ரோட்டுத் தூசியும் கருகித் தொண்டையைப் பிடிக்கிற அந்தப் புகை அடங்கிய பிறகு, கரண்டிக்குள் கிடக்கிற சாம்பல் நிறக் கட்டி ஓரத்தில் மெல்ல இளகி, சட்டென்று தண்ணீராகி, காய்ச்சின பாலில் ஆடை படர்வதுபோல அதன் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒன்று படரும். உற்றுப் பார்த்தால் நம் முகம் தெரியும். நானும் என் தம்பி முனிராஜும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்திக்கொண்டு, யார் முகம் முதலில் தெரிகிறது என்று போட்டி போட்டு அந்தக் கரண்டிக்குள் எட்டிப் பார்ப்போம்.

எங்கள் ஊர் அஞ்செட்டியைத் தாண்டி, காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. ராகியும் நிலக்கடலையும் போடுவோம். விளைந்ததில் காட்டுப்பன்றி தின்றது போக மீதி எங்களுக்கு. அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. களவாய் வைத்திருந்தது இல்லை, பயிர்க் காவலுக்கென்று தாத்தா காலத்தில் கொடுத்த லைசென்ஸ் துப்பாக்கி. எலெக்சன் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் போய் வாங்கி வருவார். துப்பாக்கிக்குள் போடுகிற சின்னச் சின்ன ஈய உருண்டைகளுக்கு எங்கள் வீட்டில் ‘ரவை’ என்று பேர். உப்புமா கிண்டுகிற ரவைக்கும் அதே பேர்தான் என்பதால், “ரவை தீந்துடுச்சு” என்று அம்மா சொன்னால் “எந்த ரவை?” என்று கேட்டுவிட்டுத்தான் நைனா சட்டையை மாட்டுவார்.

கடை ரவை கிருஷ்ணகிரிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பஸ்ஸுக்குச் செலவு, ஒரு நாள் வேலை கெடும், கடைக்காரன் சொன்னதுதான் விலை. நைனாவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அப்போது ஓசூரில் ஒரு டயர் கடையில் வேலை செய்தார். சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் ஈயக் கட்டி ஒட்டுவார்களே, கழற்றிப் போட்ட அந்தக் கட்டிகளையும் உடைந்த பேட்டரித் தகடுகளையும் சிமெண்ட் பையில் கட்டிக்கொண்டு பண்டிகைக்கு வருவார். நைனா அதை உருக்கி வீட்டிலேயே ரவையாக்கிக்கொள்வார். மற்ற மாமாக்கள் பிஸ்கட் வாங்கி வருவார்கள், எங்கள் மாமா ஈயம் கொண்டுவருவார்.

“இன்னா மாமா, பொங்கச் சீரு கொண்டாந்துட்டேன், எடுத்து வையுங்க” என்று நைனா முன்னால் பையைத் தொப்பென்று போடுவார்.

“சீருன்னா இதுதான்டா சீரு. ஓசியில வந்த குண்டுக்குத்தான் பன்னி பயப்படும்” என்று நைனா சிரிப்பார். வாழ்நாளில் அவர் மனசு நிறைந்து சிரித்தது காசு மிச்சமானபோது மட்டும்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

உருக்குவதற்கு அவருக்குத் தோதான பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது அம்மாவின் தாளிப்புக் கரண்டி. நீளக் காம்பும் குழிந்த வாயுமாக அம்மாவின் அம்மா வீட்டிலிருந்து வந்த இரும்புக் கரண்டி. காலையில் அதில் கடுகு வெடிக்கும், சாயங்காலம் ஈயம் உருகும். மழைக்காலமென்றால் வெளியே நெருப்பு நிற்காது என்று வீட்டு அடுப்பிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்.

“எங்கம்மா ஊட்டுக் கரண்டிதான் கெடச்சுதா ஒனக்கு? அதுக்குன்னு ஒரு டப்பாவக் கிப்பாவ வெச்சுக்கக் கூடாதா?” என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிப்பாள்.

“ஏம்மே, ஈயம் ஒடம்புக்கு நல்லதும்மே. பெரிய பெரிய ஊட்ல ஈயச் சொம்புலதான் ரசமே வெக்கறாங்க. பாத்திரத்துக்கு ஈயம் பூச நீ துட்டு குடுத்துத்தான பூசற? இங்க சும்மாவே பூசித் தரேன்.”

ஈயம் பூசாத பித்தளையில் சமைத்தால்தான் களிம்பு, விஷம் என்று அம்மாவுக்கும் தெரியும். ஈயம் என்றால் விஷத்துக்குத் தடுப்பு. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே கரண்டியைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, முணுமுணுத்துக்கொண்டே அதில் எண்ணெயை ஊற்றுவாள்.

முனிராஜுக்கு அப்போது மூன்று, நான்கு வயதிருக்கும். ஆறின ரவையில் ஒன்றிரண்டை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். மிட்டாய் கிடைக்காத ஊர். கேட்டால், “தித்திப்பா இக்குது” என்பான். நான் பிடுங்கப் போனால் நைனா தடுப்பார். “உடு உடு, எம் பையன் துப்பாக்கி மாதிரி. வாயில ரவையப் போட்டுக்கினு காத்திருக்கான். எவனாச்சும் வம்புக்கு வந்தா டப்புன்னு சுட்டுருவான்!” மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்தேன். தம்பி கன்னத்தை உப்பிக்கொண்டு எங்கள் எல்லாரையும் பெருமையாகப் பார்ப்பான்.

பிறகு அவனுக்கு வயிற்று வலி வரத் தொடங்கியது. சுருண்டு படுத்துக்கொண்டு கத்துவான், தானாக நிற்கும். பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தோம். சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், பேசிக்கொண்டிருந்த பேச்சில் பாதியை விட்டுவிட்டான். காத்து கருப்பு என்றார்கள், கோயிலில் கயிறு கட்டினோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பலகையில் ‘அ’ போடவே அவனுக்கு ஒரு வருஷம் ஆனது. வாத்தியார் நைனாவைக் கூப்பிட்டனுப்பி, “பையன் கொஞ்சம் மந்தம்ங்க, வூட்ல வெச்சுக்கங்க, மாடு மேய்க்கட்டும்” என்றார். அவன் தனியாகக் காட்டுப் பக்கம் போய்விடுவான் என்று கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டியிருந்தது. அம்மா கூலிக்குப் போக வேண்டும். அதனால் எட்டாவதோடு அவன் அக்காவான என் பள்ளிக்கூடம் நின்றது. எனக்கும் கணக்கு வரவில்லைதான். அது படிப்பின் மேல் ஆசை இல்லாததாலா, நானும் அந்த அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாலா என்று கேட்டுக்கேட்டு இந்த வயதில் தூக்கம் கெடுகிறது. இப்போது யார் வந்து பதில் சொல்லப்போகிறார்கள்?

நைனாவுக்கும் கடைசி வருஷங்களில் கை நடுங்கியது. டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. ஊரில் சாராயம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு சொட்டும் தொட்டவர் இல்லை, அதுவும் காசை மிச்சம் பிடிக்கத்தான்.

அவர் போன பிறகு ஓசூரில் ஒரு பேட்டரி கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தேன். சேரும்போதே ரத்தம் எடுத்தார்கள். மூக்கை மூட முகமூடி, கையுறை, ஷிப்ட் முடிந்தால் குளித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், போட்ட யூனிபாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவு எதற்கு என்று அங்கிருந்த நர்சம்மாவிடம் கேட்டேன்.

“ஈயம்மா. லெட். பொல்லாத விஷம். பெரியவங்களுக்கே ஆகாது, கொழந்தைங்க மூளைய அப்படியே அடிச்சிடும்.”

“ஈயம் நல்லதுன்னுதான சொல்வாங்க? ஈயச் சொம்புல ரசம் வெக்கறாங்களே?”

அந்தம்மா சிரித்துவிட்டார். “அது வேற ஈயம்மா. அது வெள்ளீயம். இது காரீயம். பேருதான் ஒண்ணு.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வயிற்று வலி, சாப்பாடு இறங்காது, எரிச்சல், படிப்பு ஏறாது. அவர் என் தம்பியைப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் போன புத்தி திரும்புமா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். சும்மா கேட்டேன் என்றேன். “போனது போனதுதாம்மா. அதுவும் எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும்” என்றார்.

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிற வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ரவையைக் கடையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் காசு போயிருக்கும். இரண்டு பன்றி கூடுதலாகக் கடலையைத் தோண்டியிருக்கும். நாங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் கயிறு கட்டினவருக்கும் வயிற்று வலி மருந்துக்குமே போனது. நைனாவின் மேல் கோபப்படலாமென்றால் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த விஷத்தைச் சக்கரத்தில் ஒட்டினார்கள், பேட்டரியில் அடைத்தார்கள், கழற்றித் தெருவில் போட்டார்கள். அது எங்கள் அடுப்புக்கு வந்து சேரும் என்று அவர்களில் ஒருவரும் கவலைப்படவில்லை. அவர்கள் படாத கவலையையெல்லாம் சேர்த்து இப்போது நான் பட்டுக்கொண்டிருக்கிறேன். என் மகள் கணக்கில் மார்க் குறைந்து வந்த அன்றே ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனேன். “பொண்ணு நல்லாத்தான் இருக்கா, டெஸ்ட் உங்களுக்குத்தான் எடுக்கணும்” என்று டாக்டர் கேலி செய்தார். செய்யட்டும்.

இப்போது ஊரில் துப்பாக்கி இல்லை, நைனா போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம். கடலைக் காட்டைச் சுற்றி மாமா சோலார் வேலி போட்டிருக்கிறார். மழைக்காலத்துப் புகை இல்லை, எலெக்சனுக்கு எலெக்சன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆளும் இல்லை. முப்பதைத் தாண்டிய முனிராஜ் இருக்கிறான். பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தெரியாமல், யார் வந்தாலும் கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரிக்கிறான். நைனா சிரித்தது அவனுக்கு மட்டும் மறக்கவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன், அம்மா இன்னும் அதே கரண்டியில்தான் தாளித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். இந்தக் கையாலா ஊட்டினேன் என்று அவள் தன் கையைப் பார்ப்பாளே என்று நினைத்ததும் வாய் வரவில்லை. காம்பு ஆடுகிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று பொய் சொல்லி, அஞ்செட்டிக் கடையில் எவர்சில்வர் கரண்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வந்துவிட்டேன். எறிந்தால் யாராவது பொறுக்குவார்கள், பழைய இரும்புக்குப் போட்டால் இன்னொரு வீட்டு அடுப்புக்குப் போகும். அதனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டாளாம்.

“ஆனா உன் புதுக் கரண்டி சரியில்லடி. கொழம்புல அந்தப் பழைய வாசம் வரவே மாட்டேங்குது. தம்பிகூட வேணான்னு தட்டத் தள்ளிட்டான். எங்கம்மா ஊட்டுக் கரண்டிய சரிபண்ணி எப்ப கொண்டாருவ?”