சாலமோன் சாரின் நீலம்

"நாக்கை நீட்டுங்க."

சாலமோன் சார் சமர்த்தாக நாக்கை நீட்டுவார். மனைவி ரத்தினபாய் அம்மாள் காபி டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டு, டாக்டர் பார்ப்பதுபோலக் குனிந்து பார்ப்பார். பச்சையாக இருந்தால், "புடலங்காயா? போய் வாய் கொப்பளிச்சிட்டு வாங்க." சிவப்பாக இருந்தால், "தக்காளிதானே? போங்க, போங்க." பிரஷ்ஷின் முனை கூராக நிற்பதற்கு அதை உதட்டுக்குள் விட்டு இழுக்கும் பழக்கம் அவருக்கு. தண்ணீர் டப்பா பக்கத்திலேயே இருக்கும், துணி இருக்கும், இருந்தாலும் வாய்தான். கல்யாணம் ஆன புதிதில் ஆரம்பித்த இந்தச் சோதனை இன்றுவரை தொடர்கிறது. தேறாதவருக்குக் காபி கிடையாது.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் "பெயிண்டர் சார் வீடு" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அதனாலேயே தொல்லையும் உண்டு. ரெண்டு பெட்ரூமுக்கு என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். சார் கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் அடிக்கிற பெயிண்ட்ல தண்ணி ஜாஸ்தி தம்பி. மழைக்கு நிக்காது" என்று சொல்லி, நல்ல ஆள் ஒருவருடைய நம்பரையும் கொடுத்து அனுப்புவார்.

அவர் வாட்டர் கலர்க்காரர். ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விதைப் பாக்கெட்டின் மேல் இருக்கும் கத்திரிக்காய், வெண்டைக்காய், முள்ளங்கி எல்லாம் ஒரு காலத்தில் அவர் கையால் போட்டவை. பளபளவென்று, ஒரு பொட்டு இல்லாமல், இலையில் ஓர் ஓட்டை இல்லாமல். தப்பித்தவறி ஒரு இலையைக் கொஞ்சம் மடித்துப் போட்டுவிட்டால் மேனேஜர் கூப்பிட்டனுப்புவார். "நோய் வந்த செடியை எவன் மிஸ்டர் சாலமோன் வாங்குவான்?"

ரிட்டயர் ஆன கையோடு அதே கம்பெனியின் பாக்கெட்டுகளை வாங்கி வந்து தோட்டம் போட்டார். ஒன்றுகூடப் படத்தில் இருக்கிற மாதிரி வரவில்லை. கத்திரிக்காய் சொத்தை. வெண்டைக்காய் கேள்விக்குறி. முள்ளங்கிக்கு நாலு கால். "நான் வரைஞ்சதை அதுங்க பார்க்கலை போல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் வரைவதெல்லாம் அந்தக் கோணல்களைத்தான். அணில் கடித்த கொய்யா, பூச்சி அரித்த அவரை இலை, வெயிலில் வெடித்த தக்காளி. சொத்தை வரையும் மேசைக்கு, நல்லது சமையலறைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டதால் வீட்டில் சண்டை இல்லை.

சண்டை வருவது சப்பாத்திப் பலகையால்தான். வாட்டர் கலர் பேப்பரை முதலில் ஊறவைத்து, ஒரு பலகையில் இழுத்து ஒட்டிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் கலர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதற்கென்றே நல்ல பலகைகள் கடையில் கிடைக்கின்றன. மகள் பிளஸ்ஸிகூட ஒன்று வாங்கிக் கொடுத்தாள். சாருக்கு ஒத்துவந்தது சப்பாத்திப் பலகை ஒன்றுதான். பேப்பர் காய்கிற அன்று ராத்திரி அந்த வீட்டில் உப்புமா. மழைக்காலத்தில் பேப்பர் லேசில் காயாது. உப்புமாவும் தொடர்ந்து வரும். பிளஸ்ஸி கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கம் போனபோது விட்டுப்போன ஹேர் டிரையர் இப்போது சாருடைய சொத்து.

சாயங்காலம் ஏரிக்கரையில் நடப்பார். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கலர்ப் பெட்டி இருக்கும். எல்லோரும் வேகு வேகென்று சர்க்கரைக்காக நடந்துகொண்டிருக்க, இவர் மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இதற்கும் ரத்தினபாய் அம்மாளிடம் திட்டு உண்டு.

அவர்கள் சர்ச்சில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டு விலையை ஏற்றுவதைப் பார்க்க வேண்டும்! சாலமோன் சார் பங்காக ஒரு கூடைக் காய்கறியும் ஒரு படமும் போகும். படம் எப்போதும் ஏரிப் படம்தான். மூன்று வருஷத்துக்கு முன் அதை ஏலத்தில் எடுத்தவர் தனக்கோடி. சர்ச்சுக்கு எதிரே ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கோயில் குளம் என்று போகிறவர்தான், ஆனாலும் இந்த ஏலத்தைத் தவறவிடமாட்டார். பூசணிக்காய் எடுக்க வந்தவர் ஏதோ வேகத்தில் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

இந்த வருஷம் சாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று சொல்லி, வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம். கட்டைப் பிரித்த டாக்டரம்மா, "உள்ள இருந்த லென்ஸ் டீ டிகாஷன் மாதிரி ஆயிருந்தது சார். இவ்வளவு நாள் அதுவழியாதான் உலகத்தைப் பார்த்திருக்கீங்க" என்றார். சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. சார் இறங்கவில்லை.

"இங்க இல்லப்பா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ."

"இறங்குங்க" என்றார் ரத்தினபாய் அம்மாள்.

சார் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது யார் வீடு? கண்றாவியா எவனோ இப்படி நீலம் அடிச்சு வச்சிருக்கான்?"

"நம்ம வீடுதான். நீங்கதான் கலர் செலக்ட் பண்ணீங்க."

பப்பாளி மரம் அவருடையதுதான். கேட்டும் அவருடையதுதான். போன வருஷம் பிளஸ்ஸி கல்யாணத்துக்கு முன்னால் அடித்த கலர் அது. லேசான சாம்பல் நீலம் என்று நினைத்துக்கொண்டு அவரே தேர்ந்தெடுத்தது. சார் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். லேசான சாம்பல் நீலம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். சொட்டு நீல பாட்டிலைச் சுவரில் கவிழ்த்ததுபோல் இருந்தது. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பாமல் வேடிக்கை பார்த்தார்.

உள்ளே அதைவிட மோசம். ஹாலில் பழைய படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி மூன்று வருஷத்துப் படங்கள்தான் பேயறைந்தவைபோல் நீலம் பாரித்துக் கிடந்தன. ஏரி நீலம், கொக்கு நீலம், கொய்யாக்காய்கூட நீலம். கண்ணில் இருந்த பழுப்பு நீலத்தை விழுங்க விழுங்க, போதவில்லை என்று இவர் அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறார். நிறத்தை வைத்தே சோறு தின்ற மனிதர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார். "ஏன் ரத்தினம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. முதல் படத்துலயே சொன்னேன். மூணு வருஷமா உங்க நாக்கு நீலத்தை விட்டு மாறலைங்க. எனக்குத் தெரியாதா?"

"நான் என்ன சொன்னேன்?"

ரத்தினபாய் அம்மாள் ரசத்தைக் கலக்கி ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். "உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும், கலரைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்க. பிளஸ்ஸியும் அங்கதான் இருந்தா."

ரத்தினபாய் அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். எம்பிராய்டரி நூல்கண்டில் ஒரே பச்சையின் எட்டுப் பத்து வகைகளைக் குவித்துப் போட்டால், வெளுப்பிலிருந்து அடர்த்திவரை வரிசையாக எடுத்து வைத்துவிடுவார். அவரைப் பார்த்துக் கலர் தெரியுமா என்று கேட்டது அநியாயம். அன்றிலிருந்து கலரைப் பற்றி ரத்தினபாய் அம்மாள் வாயைத் திறக்கவில்லை. கல்யாண ஆல்பம் வந்தபோது, வீட்டுச் சுவரைப் பார்த்து, "பின்னாடி என்ன, ஸ்விம்மிங் பூலா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டதைக்கூடச் சொல்லவில்லை. சார் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், காலையில் ஊற்றிய செடிகளுக்கே மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் சார் தனக்கோடியின் கடைக்குக் கிளம்பினார். வழியெல்லாம் அதே நீலம். திருப்பத்தில் ஒரு மாடி வீடு, டியூஷன் சென்டர், இஸ்திரிக் கடைத் தடுப்பு. இத்தனை நாள் கண்ணில் உறுத்தாமல் எப்படி இருந்தன என்று வியந்துகொண்டே நடந்தார்.

"வா சார், ஒக்காரு. இன்னா சார் கறுப்புக் கண்ணாடிலாம் போட்டுகினு ஹீரோ கணக்கா கீற?"

ஏரிப் படம் கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதற்கும் சேர்த்தே ஊதுவத்தி காட்டியிருந்தார்கள்.

"தனக்கோடி, அந்தப் படம் தப்பு. கண்ணு சரியில்லாதப்ப போட்டது. வேற போட்டுத் தரேன், அதைக் கழட்டிக் குடு."

"இன்னா தப்பு? ஏரிதான கீது? தண்ணிதான கீது?"

"கலர் தப்புப்பா."

"கலரு தப்பா?" தனக்கோடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சார், இந்தக் கலரத்தான் கஸ்டமருங்கோ கை காட்டி கேக்கறாங்கோ. நானே மிசின்ல அத்த ஒத்து எடுத்து 'ஏரி புளூ'ன்னு பேரு வச்சிருக்கேன். பம்மல்லருந்துலாம் வந்து வாங்கினு போறாங்கோ. உன் வூட்டுக்கு இன்னா கலர் போச்சுன்னு நெனக்கற? அதே டப்பாதான்! நீதான் சார் வெரலு வச்சிக் காட்டின."

சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தன் கண் செய்த தப்பைத் தானே சுவரில் அடித்துக்கொண்டு, தெருவுக்கும் பூசிவிட்டு வந்திருக்கிறார். தனக்கோடிக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ சொன்னார்.

"பேஜாரு பண்ணிக்காத சார். ஞாயித்துக்கெழம ஏலம் வருதுல்ல? சரியான கலர்ல ஒன்னு போடு. எவன் எவ்ளோ கேட்டாலும் நான்தான் எடுப்பேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டறேன். எது நல்லா கீதுன்னு சனங்க சொல்லட்டும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சார் டீயைத் தொடவில்லை. இனிமேல் போடப்போகும் படம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். தெருவே பார்க்கும். அதுவும் தப்பாகிவிட்டால் பிரஷ்ஷைக் கையில் எடுக்க முகம் இருக்காது. போட்டுப் பார்க்க ஒரு வாரம்கூட இல்லை.

போடுவதுதான் எப்படி? ஒரு கண் ஆம் என்றால் இன்னொன்று இல்லை என்கிறது. புதுக் கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்று குளிர்ந்து தெரிகிறது. அது சொல்வதும் உண்மைதானா, இல்லை புது லென்ஸின் மினுக்கா என்று அவருக்குச் சந்தேகம். பழைய கண்ணை நம்பித்தான் தெருவே நீலமாகிக் கிடக்கிறது. ஏரிக்குப் போனார். வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார். எதிரே நடந்துவந்த ஒரு பெண்மணி முறைத்துவிட்டுப் போனார். நல்ல பேப்பராக நாலைந்து வீணாயின. சப்பாத்திப் பலகைக்கு ஓய்வே இல்லை. உப்புமாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை. ரத்தினபாய் அம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மறுநாள் சர்ச்சுக்குக் கொண்டுபோகிற கூடையை அடுக்கிக்கொண்டிருந்தார். புடலங்காய், கொஞ்சம் அவரைக்காய், வாழைப்பூ. பிளஸ்ஸி போனில், "அப்பா படம் முடிச்சாச்சாம்மா?" என்று கேட்டாள். "தெரியலை, கேட்டா கடிப்பார்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வராண்டாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாலமோன் சார் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையில், கலரை ஒத்துப்பார்க்க வைத்திருக்கும் துண்டுப் பேப்பர், ஈரம் காயாத ஒரு பட்டை நீலத்தோடு. முப்பது வருஷக் கம்பெனி வாழ்க்கையில் மேனேஜர் இலையை மாற்றச் சொன்னால் மாற்றியிருக்கிறார், காயைப் பெரிதாக்கச் சொன்னால் ஆக்கியிருக்கிறார். கலரில் மட்டும் யாரையும் மூக்கை நுழைக்க விட்டதில்லை.

பேப்பரை நீட்டினார்.

"என்ன இது?"

"ஏரித் தண்ணி. காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பார்த்துச் சொல்லு."

"யாரு, நானா?"

"நீதான்."

ரத்தினபாய் அம்மாள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கேலிக்கு ஏதோ வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். முந்தானையில் கையைத் துடைத்து, பேப்பரை விளிம்போடு பிடித்து வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காகப் பின்கதவுப் பக்கம் போனார். நூல்கண்டைப் பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் பார்த்து முடிக்கட்டும் என்று, சாலமோன் சார் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு நின்றார்.