மருந்துத் தலைவலி

சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் வெடிக்கு மருந்து என்றுதான் பெயர். நோய்க்குக் கொடுப்பதற்கும் அதே பெயர். அந்த ஒரு சொல்தான் என் நைனாவைக் கொன்றது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நைனாவுக்கு ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் வேலை. பாறையில் துளை போட்டுத் தருவார்கள், அதில் இவர் மருந்து கெட்டிக்க வேண்டும். அதைத் தொடுகிறவர்களுக்குத் தலை வலிக்கும். ஞாயிறு லீவு முடிந்து திங்களன்று தொட்டால் மண்டை பிளக்கும். அதனால் பழைய ஆட்கள் மருந்து சுற்றி வந்த காகிதத்தைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டே திரிவார்கள். வாசனை விடாமல் இருந்தால் வலி வராதாம். இதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் வினையாகப் போனது.

பிரசவத்துக்குக் குடியாத்தம் பக்கம் போன அம்மா திரும்பி வரவில்லை. குழந்தையும் தங்கவில்லை. தட்டி வீட்டில் நானும் நைனாவும்தான். அவர் குழியில் இறங்கிவிட்டால் நான் தனி. பூமிக்கு அடியில் வெடிக்கிறபோது என் உள்ளங்காலில் அதிரும். அது நைனா வைத்தது என்று நினைத்துக்கொள்வேன். பகலெல்லாம் எனக்கு அதுதான் துணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெற்றியைப் பிடித்தார். வலது கையிலிருந்த களி நழுவி விழுந்தது. “இன்னா நைனா?” என்றேன். ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மாமாவை, அம்மாவின் தம்பியை, இழுத்து வந்தேன். அதற்குள் நைனா நன்றாக உட்கார்ந்து, விழுந்த களியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் விண்ணென்று தெறிக்கிறது என்றார்.

“மருந்துத் தலவலிமே. இதுக்கா இந்தக் கூவு கூவினு வந்த?” என்றார் மாமா.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஏது மருந்து?”

“ஒடம்புல ஊறினது லீவு பாக்குமா? மச்சான், நாளைலேர்ந்து காயிதம் ரெண்டா சொருவிக்க.”

நைனாவும் சிரித்தார். கை நழுவியதையும் வாய் கோணியதையும் தொண்டை வலிக்கச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. பெரியவர்களுக்கு ஒரு வியாதியின் பெயர் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் கண் எதற்கு?

அடுத்த தடவை குழி வாசலில் ஆஜர் எடுக்கும்போது நைனாவுக்கு நாக்குக் குழறியது. மேஸ்திரி இவர் வாயை மோந்து பார்த்தானாம். “காலைலயே ஊத்திக்கினியா? இன்னொரு தபா கண்டேன், சீட்டைக் கிழிச்சிடுவேன். ஊட்டையும் காலி பண்ணினு போய்க்கினே இரு” என்றானாம். சாராயக் கடைப் பக்கமே போகாத மனுஷன். அதை மாமாவிடம் சொல்லும்போது நைனாவின் குரல் எழும்பவே இல்லை. எனக்கு அந்த மேஸ்திரியின் மீசையைப் பிய்க்க வேண்டும் போல் இருந்தது. இப்போதும்தான்.

அதற்குப் பிறகுதான் விளையாட்டு ஆரம்பித்தது. காலையில் கிளம்பும் முன் நைனா வலது கையை இறுக்கி மூடி என் முன்னால் நீட்டுவார். “பிரி பாக்கலாம்.” இரண்டு கையாலும் முக்குவேன், ஒரு விரல் அசையாது. சிரித்துக்கொண்டே போய்விடுவார். என்றைக்காவது பிரித்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் தட்டியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு, “இன்னொரு தபா” என்பார். தான் ஜெயிக்கிறவரைக்கும் விடமாட்டார். ஜெயித்த பிறகுதான் தலைப்பாகையைத் தொடுவார்.

“அழுகுணி நைனா!” என்று திட்டுவேன்.

கடைசி நாள், வேலைச் சங்கு ஊதிவிட்டது. நான் விரல்களைப் பிரித்தேன். முக்கவே வேண்டியிருக்கவில்லை. நைனா தட்டியில் சாய்ந்தார்.

வாசலில் மாமா கத்தினார். “மச்சான், வர்றியா இல்லியா? மேஸ்திரி முறைச்சினு நிக்கறான்!”

நைனா எழுந்தார். “இன்னொரு தபா ஆடு நைனா” என்று நானே கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. இடது கையாலேயே தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டார். காகிதத்தை மாமா செருகிவிட்டார்.

மத்தியானம், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் அவரை மேலே கொண்டுவந்தார்கள். மூச்சு இல்லை. மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று மாமா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். லைன் முழுக்க அதையே சொன்னது. இன்றும் சொல்கிறது.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த மத்தியானம் அல்ல. அதற்கு முன், அன்றைய காலை. நைனா முதல் தடவையாகத் தோற்றபடியே வேலைக்குப் போயிருக்கிறார். அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. மாமா வீட்டு ஆட்டிடம் போய்ச் சொன்னேன். அது தழையைத் தின்றுகொண்டிருந்தது. என் கைகளை மூடி மூடித் திறந்து பார்த்தேன். எனக்குப் பலம் வந்துவிட்டது. நைனாவையே ஜெயிக்கிற பலம். சாயங்காலம் வரட்டும், இன்னொரு தபா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். காலுக்கு அடியில் வெடிகள் ஒவ்வொன்றாக அதிர ஆரம்பித்தன.