மல்கோஹாவுக்கு இரண்டாவது சாட்சி

மகளின் சம்பந்தப் பேச்சுக்காக நான் ஒரு காட்டுக்குள் நடந்திருக்கிறேன். மாப்பிள்ளையின் வாப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பறவை பார்ப்பதுதான் முழுநேர வேலை. "ஊட்டுல தேத்தண்ணிய முன்னுக்கு வச்சிக்கிட்டு ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க நானா. சனிக்கிழமை விடியவே நாவுலைக்கு வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்" என்று, அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்று கூப்பிட்டு, போனில் சொன்னார்.

நான் பலாபத்வலையில் ஒரு மிளகுக் கடையில் காயப்போட்டுப் புடைக்கிற வேலை செய்பவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். அதிபர் என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகக் கட்டிக்கொள்ளும். மகளுக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் வாசலோடு திரும்பிப் போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, அவன் பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள், அங்கே அடுப்படியில் ஒன்றும் செய்யாமல் நிற்பாள்.

"அவர் என்ன செல்றாரோ அதுக்கெல்லாம் ஓம் செல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. "உங்கட வாயால இந்தக் காரியம் கெட வாணாம்."

"நான் எங்க பேசப் போறேன்?"

"அதத்தான் நானும் செல்றேன். ஓம் மட்டும் போதும்."

ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். காட்டு வாசலில் அதிபர் இலைப்பச்சை நிறத்தில் நின்றார். வழிகாட்டி நாற்பது வயதுச் சிங்களப் பெண், முழங்கால் வரை சப்பாத்து. என் சட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "ஐயா, இந்த வெள்ளைக்குக் குருநாகல் வரைக்கும் ஒரு குருவி மிஞ்சாது" என்று சிங்களத்தில் சொல்லி, தன் கபில நிற மழைக்கோட்டைக் கழற்றித் தந்தாள். அது எனக்குத் தோளில் இறுக்கம், கை முழங்கையோடு முடிந்தது.

"மாப்புளயக் கூப்பிடல்ல நானா, மாமனாரத்தான் கூப்பிட்டேன்" என்று என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார் அதிபர். நான் "ஓம் சேர்" என்றேன்.

அவரிடம் இரண்டு தூரக்கண்ணாடி இருந்தது. பழையதை என் கழுத்தில் மாட்டிவிட்டார். உள்ளே பத்து அடி போவதற்குள் வழிகாட்டி கையை உயர்த்தினாள். நாங்கள் நின்றோம். பாலை மரத்தில் இருவாய்ச்சியாம். நானும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். வட்டமாக வெள்ளைப் புகை. நடுவில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது, அது என் இமையாகவும் இருக்கலாம்.

"தெரியுதா?"

"ஓம் சேர்."

இப்படித்தான் தொடங்கியது. காட்டுக்கோழிக்கு ஓம். மரங்கொத்திக்கு ஓம். நீல நிறத்தில் ஒரு ஈபிடிப்பானுக்கு, "என்ன வடிவு!" என்று அவர் சொன்னபோது, "சரியான வடிவு" என்று ஒரு சொல்லைக் கூட்டியும் வைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் புகைதான். கண்ணில் ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை அந்த இடத்தில் கேட்பது எப்படி? மழைக்கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. ஆனால் அதிபர் சந்தோஷமாக இருந்தார். ஒரு தடவை என் தோளில் கூடக் கை போட்டார். மகள் அந்த வீட்டில் விளக்கேற்றுவதே எனக்குத் தெரிந்துவிட்டது, குருவிதான் தெரியவில்லை.

ஓடைக்குப் பக்கத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்திவிட்டு, யானைத் தடம் பார்க்க முன்னால் போனாள். அப்போதுதான் அதிபர் என் கையைப் பிடித்து அமுக்கினார். மூச்சு விடாமல், "மல்கோஹா" என்றார். "செகப்பு மூஞ்சி. அந்தக் கொடிக்கு மேல. வால் நுனி வெள்ளை. பாருங்க, பாருங்க!"

நான் தூக்கினேன். பச்சைப் புகை.

"பாத்தீங்களா?"

"ஓம் சேர்."

அவர் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருடமாகத் தேடிய பறவையாம். வழிகாட்டி ஓடி வருவதற்குள் அது போய்விட்டது.

திரும்பி வாசலுக்கு வந்ததும் வழிகாட்டி பெரிய பதிவுப் புத்தகத்தை விரித்தாள். அன்று கண்ட பறவைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சரி போடுவது அவள் வழக்கம். மல்கோஹாவில் பேனை நின்றது. "அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் காணவில்லை."

"நானா கண்டாரே" என்றார் அதிபர். முதலில் தான் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

சாட்சிக் கையெழுத்து நான் வாழ்க்கையில் மூன்று தடவை வைத்திருக்கிறேன், மூன்றும் நிக்காஹ் வீடுகளில். கண்ணால் கண்டு காதால் கேட்டுத்தான் வைத்தேன். வாயால் ஓம் சொல்வது வேறு. பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவியின் முகம் வந்து போனது. மகள் குசினிக்குள் சும்மா நிற்பதும் வந்தது.

"சேர், நான் காணல்ல."

"என்ன?"

"மல்கோஹாவக் காணல்ல. காலையில இருந்து ஒரு குருவியும் காணல்ல. எல்லாம் பொகையாத்தான் ஈக்கிது."

அதிபர் என்னையே பார்த்தார். பிறகு பேனையை வாங்கித் தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். பாடசாலைக் காலத்தில் என் கணக்கின் மேல் விழுந்த அதே மாதிரிக் கோடு.

வழிகாட்டி என் கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி, திரும்பத் தந்தாள். "அந்தப் பலகைக்கு மேலே பாருங்கள்."

ஒரு மைனா. வீட்டுக் கூரையில் தினமும் கத்துகிற அதே மைனா. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், அதற்குள் கண் உருண்டது. என்னையறியாமல் "அல்லாஹ்!" என்றேன்.

"அதை உருட்டணும் எண்டு நான் செல்லல்லையா?" என்றார் அதிபர்.

"இல்ல சேர்."

"கேட்டிருக்கலாமே."

மழைக்கோட்டை வழிகாட்டியிடமும் கண்ணாடியை அவரிடமும் திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டியபடி முன்னால் நடந்தார். காரியம் கெட்டுவிட்டது, மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன். சந்திக் கடையில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

"உங்கட மகளும் இப்பிடித்தானா? மூஞ்சிக்கு நேர செல்லுவாங்களா?"

"என்னை விட மோசம் சேர். நான் காலையெல்லாம் பொய் செல்லிட்டுக் கடைசியிலதான் உண்மையச் சென்னேன். அவ எடுத்த எடுப்பிலயே செல்லிப் போடுவா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாயில் வைத்த தேத்தண்ணி புரையேறியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்கட ஊட்டுல இனி என்ட கதை எடுபடாது" என்றார். பிறகு போனை எடுத்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு பொண்ணூட்டுக்குப் போவோம்... ஓம், பேசிட்டேன்... நல்ல மனிசர்."

மறுபக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மல்கோஹாவா? நான் மட்டும்தான் கண்டேன். அது கணக்குல சேராது."