பரலோக மந்திரத்தில் நான் விழுங்கிய வரி

ஒரு செபமாலையில் ஆறு பரலோக மந்திரங்கள், ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரங்கள். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறிலும் "உம்முடைய சித்தம்" என்ற வரியை முன்னால் சொல்லிக்கொடுப்பவர் மட்டும்தான் சொல்கிறார். மற்றவர்கள் "எங்கள் அனுதின உணவை" என்று பின்பாதியில்தான் சேர்ந்துகொள்கிறார்கள். இதைக் கவனித்தவர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து ஐந்து மைல். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அந்த ஆண்டு எங்கள் வீட்டைச் சோதனை பிடித்துக்கொண்டது. முதலில், களத்தில் குவித்து வைத்திருந்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மழையில் நனைந்து முளைவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துப் பசுவைப் பாம்பு கடித்தது. அதற்கடுத்த ஞாயிறு, திண்டிவனத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் அப்பாவின் சைக்கிளைக் காணவில்லை. மூன்றுக்கும் அம்மா சொன்னது ஒன்றே: "ஆண்டவர் சித்தம்."

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். அத்தை அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் அல்ல.

"சாமி பாத்துப்பாருன்னு பூட்டு போடாம உள்ள போனியே, சாமி பூசையப் பாப்பாரா, உன் சைக்கிளப் பாப்பாரா?" என்று அப்பாவைக் கேட்டாள். பிறகு அலமாரியில் இருந்த அந்தோணியார் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. "சைக்கிள் வர்ற வரைக்கும் செவுத்தப் பாத்துக்கினு நில்லும்" என்றாள்.

அந்த வாரம்தான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உபதேசியார் மங்கள வார்த்தையைப் பற்றிச் சொன்னார். தேவதூதர் வந்து சேதி சொன்னதும் மாதா "ஆகட்டும்" என்றாராம். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எல்லாம் நடந்ததாம். "ஆண்டவர் யாரு ஊட்டுலயும் கேக்காம நுழைய மாட்டாருடா" என்று முடித்தார் உபதேசியார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் தினமும் செபமாலை. தினமும் ஆறு முறை "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்று நாங்களே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வாரத்துக்கு நாற்பத்திரண்டு அனுமதி. மல்லாட்டை போகாமல் என்ன செய்யும்?

அன்று மாலை முதல் செபமாலையை நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு மகிழ்ச்சி. "இவன் சாமியாராத்தான் போவான், பாரு" என்றாள் அத்தை. (நான் கருவூலத்தில் குமாஸ்தாவானேன்.) அந்த வரி வரும்போதெல்லாம் இருமினேன். ஆறு வரி, ஆறு இருமல். மூன்றாம் நாள் அத்தை ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சி மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அதன்பிறகு இருமலை விட்டுவிட்டு, வரியை வேகமாக விழுங்கக் கற்றுக்கொண்டேன்.

பலன் தெரிந்தது. பத்து நாளில் எதுவும் தொலையவில்லை. பதினோராம் நாள் மயிலம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளே கிடைத்தது, மணி மட்டும் இல்லாமல். அத்தை அந்தோணியாரை வெற்றியோடு முன்பக்கம் திருப்பினாள். சைக்கிளை மீட்டது யார் என்று எனக்கல்லவா தெரியும்? அடக்கமாக இருந்துவிட்டேன்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். அப்பாவோடு நானும் போய் இரண்டு நாள் தங்கும்படி ஆயிற்று. திரும்பி வந்தபோது தம்பி காய்ச்சலில் கிடந்தான். மூன்று வயது. நான் இல்லாத இரண்டு நாளும் அம்மா செபமாலை சொல்லியிருக்கிறாள். ஆறும் ஆறும் பன்னிரண்டு.

டைபாய்டு என்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னையும் கூட்டிப் போகச் சொல்லித் தரையில் புரண்டு அழுதேன். தம்பி மேல் என்ன பாசம் என்று ஊரே மெச்சியது. பாசம் இருந்தது, ஆனால் அங்கே செபமாலையை அம்மாவிடம் விட்டுவைக்க முடியாது என்பதே என் கவலை. ஏழு மாலைகள் கட்டிலோரம் முழங்காலில் நின்று நானே சொன்னேன். நான் வரியை விழுங்கியதும் ஒரு நொடியும் தாமதிக்காமல் "எங்கள் அனுதின உணவை" என்று அம்மா தொடர்ந்துவிடுவாள். அலுப்பில் அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் தம்பி கண் திறக்கவில்லை. டாக்டர் அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா வராந்தாவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாலை ஐந்து மணிக்கு நான் முதல் பரலோக மந்திரத்தை ஆரம்பித்து, வழக்கம்போல் விழுங்கினேன். அம்மா தொடரவில்லை.

"நிறுத்துடா. நடுவுல ஒண்ணு உட்டுட்ட."

"உடலம்மா."

"சித்தம் எங்க?"

பக்கத்துக் கட்டிலில் கணவருக்குத் துணையாக இருந்த பெண் எனக்குப் பரிந்து வந்தாள். "புள்ளைய இன்னாத்துக்கும்மா பேஜாரு பண்ற? கடகடன்னு சொல்லிக்கினுதான இருக்கான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்ல மாட்டேன். நீ சொன்னதுலதான் தம்பிக்கு ஜொரம் வந்துச்சு. நாம சொல்லலன்னா சாமி அவன எடுத்துக்கினு போக முடியாது."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு "உம்முடைய..." என்று தொடங்கினாள். நான் பாய்ந்து இரண்டு கைகளாலும் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கைகளை விலக்கி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்த ஒரு வரியில் இரண்டு இடத்தில் குரல் நின்றது. நான் எண்ணினேன்.

மறுநாள் காலை தம்பி கண் விழித்து பன் கேட்டான்.

என் சித்தாந்தத்துக்கு இது பெரிய இடி. யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். முதல் தடவை பாதியில் வாயைப் பொத்திவிட்டேன், இரண்டாம் தடவை அம்மாவின் குரலே இரண்டு இடத்தில் நின்றுவிட்டது, அதனால் சாமிக்கு அரை அனுமதிதான் போயிருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, ஒன்பது நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "ஆமா, சர்வேசுரனுக்குக் காது மந்தம்" என்றாள் பார்க்க வந்திருந்த அத்தை.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அம்மாவைக் கேட்டேன், ஆஸ்பத்திரியில் அந்த ஏழு நாளும் கவனிக்கவே இல்லையா என்று.

"முத நாளே தெரியும்டா" என்றாள். "நீ உட்டது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உனுக்கு முன்ன ஒரு பொண்ணு பொறந்தா. ஒரு வயசு. அதே ஆஸ்பத்திரி. அப்ப நான் அதச் சொல்லிட்டுத்தான் அவளக் குடுத்தேன்."

அப்படி ஒரு அக்கா இருந்ததையே அன்றுதான் அறிந்தேன். அந்த எட்டாம் நாள் மாலை, அம்மாவுக்குச் சாமியின் வேலைமுறை தெரியவில்லை, அவளுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நம்பி, அவள் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தேன்.